பூட்டிய வீட்டின் பத்து மாதம்

கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்கள் 1845-இல் எழுந்தன. கட்டியவர்கள் மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள்; கீழே அடித்த வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறியவர்கள். ஊட்டியில் அதற்கு இருபது ஆண்டு முன்பே ஜான் சல்லிவனின் கல் பங்களா வந்துவிட்டது. 1870 முதல் மெட்ராஸ் அரசாங்கமே கோடைக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போனது. ஆக, நம் மலைகளில் சீசன் வீடு பிறந்தபோதே பூட்டிய வீடும் பிறந்துவிட்டது. இரண்டு மாதம் ஆள் இருக்கும், பத்து மாதம் இருக்காது. அந்தப் பத்து மாதத்தை வீடு எப்படித் தாங்குவது என்ற கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

அன்று அந்தக் கேள்வி துரைமார்களுக்கும் ஜமீன்களுக்கும் மட்டும் உரியது. இன்று கொடைக்கானலில் ஒரு காட்டேஜ், ஏற்காட்டில் ஐந்து சென்ட், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வார இறுதி வீடு என்று நடுத்தரக் குடும்பங்களின் கேள்வியாகவும் ஆகிவிட்டது. செட்டிநாட்டு வளவு வீடுகளும், வளைகுடாவில் உழைத்தவர்கள் கேரளத்தில் கட்டிப் பூட்டியிருக்கும் மாளிகைகளும் விடுமுறைக்கென்று கட்டப்பட்டவை அல்ல. ஆனால் ஆண்டில் சில வாரம் மட்டும் திறக்கப்படுவதால் அவற்றின் நோயும் இதே நோய்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் சுமார் 33 கோடிக் கட்டட அலகுகளை எண்ணியது, அவற்றில் 2.4 கோடிக்கு மேற்பட்டவை காலியாக இருந்தன. அவற்றில் எது விடுமுறை வீடு, எது விற்காத ஃபிளாட் என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி பனி கொட்டும் நாடுகளில் எழுதப்பட்டது. அங்கே முதல் எதிரி, குழாயில் தண்ணீர் உறைந்து வெடிப்பது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்தாலும் சுவருக்குள் போகும் குழாய் வெடிப்பதில்லை. நம் எதிரிகள் வேறு: மழை, ஈரம், கரையான், அரசங்கன்று, பட்டா. திருடனை நான் இந்த வரிசையில் கடைசியில்தான் வைப்பேன். உரிமையாளர்களோ அவனைத்தான் முதலில் வைக்கிறார்கள். பணமும் அந்த வரிசைப்படியே செலவாகிறது: கேட்டில் கேமரா இருக்கும், கூரையில் ஓடு நகர்ந்திருக்கும்.

முதலில் தண்ணீர். ஆள் குடியிருக்கும் வீட்டில் கூரை ஒழுகினால் அன்றிரவே அடியில் ஒரு வாளி வந்துவிடும். மறுவாரம் கொத்தனார் வருவார். பூட்டிய வீட்டில் அதே ஒழுக்கு ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை ஓடும். ஓடு நகரக் காரணம் பெரும்பாலும் குரங்கு. மங்களூர் ஓட்டின் மேல் ஒரு கூட்டம் ஓடினாலே போதும். ஓடு சரியாக இருந்தாலும், சவுக்கு, சில்வர் ஓக், யூகலிப்டஸ் இலைகள் கூரைத் தகரக் கால்வாயை அடைத்துவிட்டால் தண்ணீர் பின்னோக்கி ஏறிச் சுவருக்குள் இறங்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களில் இது இன்னும் கொடியது. மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு எழுப்பிய தளம் அது. உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். ஒழுக்கு அந்த முனையைத்தான் முதலில் அழுக வைக்கிறது. கீழே நின்று பார்த்தால் மரம் திடமாகத் தெரியும்; சுவருக்குள் அது பொடியாகியிருக்கும். செட்டிநாட்டில் நாட்டு ஓடு போட்ட வீடுகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓடு பிரித்து மேயும் வழக்கம் இருந்தது. அதற்குத் தெரிந்த ஆட்கள் குறைந்ததும், கூலி ஏறியதும், பல பங்காளிகள் சேர்ந்து பணம் போட வேண்டியிருந்ததும் அந்த வழக்கத்தை விட்டுப்போகச் செய்தன. பெரிய வீடுகளின் சரிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மலைச்சரிவில் நிற்கும் வீட்டுக்கு இன்னொரு தண்ணீர்க் கவலை உண்டு. பின்புறத் தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளில் மண்ணும் வேரும் அடைத்தால், மழையில் மண் ஊறி முழு எடையோடு சுவரைத் தள்ளும். சுவர் ஒரே நாளில் விழுவதில்லை. வயிறு தள்ளும், விரிசல் விடும், பிறகுதான் விழும். பார்க்க ஆள் இருந்தால் அந்த இடைவெளியில் ஏதாவது செய்யலாம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மழையில் துளையைக் குத்தி விடுவதால் மட்டும் வீடு பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் சாதாரண வடகிழக்குப் பருவமழையில் விழும் சுவர்கள் பலவும் அடைத்த துளைகளோடு நின்றவையே.

வீட்டுக்குள் வரும் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளம்பும்போது மேல்தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை மூடு, மோட்டாரின் சுவிட்சை அணை, தொட்டியைக் காலி செய்து மூடியைக் கட்டு. மூடாத தொட்டி ஏடிஸ் கொசு வளர்ப்பிடம். அக்கம்பக்கத்தாரின் டெங்குக்கு நாம் காரணமாகக் கூடாது. பலர் மறப்பது கழிவுநீர்ப் பொறியை. கழிப்பறைக் கோப்பையிலும் தரைச் சல்லடைக்கு அடியிலும் நிற்கும் கொஞ்சத் தண்ணீர்தான் செப்டிக் டேங்கின் நாற்றத்தையும் கரப்பானையும் வெளியே நிறுத்தும் அடைப்பு. சில வாரங்களில் அது ஆவியாகிவிடும். ஒரு கரண்டி எண்ணெயை மேலே விட்டால் ஆவியாவது வெகுவாகத் தாமதமாகும். செலவே இல்லாத வேலை.

அடுத்தது ஈரம். இதில் நம் உள்ளுணர்வே நமக்கு எதிரி. வீட்டைப் பத்திரமாக விட்டுப்போகிறோம் என்று எல்லா சன்னலையும் இறுக மூடி, திரையை இழுத்துவிட்டு, மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பீரோவைப் பூட்டிவிட்டு இறங்குகிறோம். கொடைக்கானலில் மழைமாதங்களில் மேகமே வீதியில் நடக்கும். காற்றில் ஈரப்பதம் 70, 80 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்கு வேறொன்றும் தேவையில்லை. பிளாஸ்டிக் உறை ஈரத்தை வெளியே விடாமல் மெத்தைக்குள்ளேயே வைத்து வேகவைக்கிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: பீரோக் கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும், மெத்தையைச் சுவரிலிருந்து தள்ளி நிமிர்த்தி நிறுத்த வேண்டும், போர்த்துவது என்றால் பருத்தித் துணியால் போர்த்த வேண்டும், வெண்டிலேட்டரை வலை அடித்துத் திறந்தே விட வேண்டும். ஃபிரிட்ஜைக் காலி செய்து, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துணியைச் செருகிவிட்டுப் போக வேண்டும். பழைய பங்களாக்களில் கணப்பு இருந்தது குளிருக்கு மட்டும் இல்லை. வெயில் இல்லாத வாரங்களில் காவல்காரர் கதவுகளைத் திறந்து வைத்து அறைக்கு அறை நெருப்பு மூட்டுவது வீட்டை உலர்த்தும் வேலை. இன்றைய காட்டேஜ்களில் கணப்பு அலங்காரத்துக்கு இருக்கிறது, அல்லது புகைபோக்கியில் குருவி கூடு கட்டி அடைத்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் ஈரமுறிஞ்சிகள் நல்லவைதான். ஆனால் மலையில் மழை வந்தால் முதலில் போவது கரண்ட்.

கரையானுக்கு ஈரமும் இருட்டும் தொந்தரவில்லாத காலமும் வேண்டும். பூட்டிய வீடு மூன்றையும் தருகிறது. மண்ணிலிருந்து கிளம்பும் கரையான் சுவரில் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். ஆள் இருக்கும் வீட்டில் அந்தக் குழாய் துடைப்பத்துக்குத் தினமும் தப்ப முடியாது. ஆளில்லா வீட்டில் மூன்று மாதத்தில் நிலைப்படியைத் தொட்டுவிடும். தேக்கு என்றால் பயமில்லை என்பது பாதி உண்மை. கரையான் அதன் வைரத்தை விட்டுவைத்து வெளிறைத் தின்னும். சட்டம், பிளைவுட் அலமாரி, புத்தகம் எதையும் விடாது. கட்டி முடித்த வீட்டுக்கு மருந்து அடிக்கும் முறையை இந்தியத் தர நிர்ணயம் 6313-இன் மூன்றாம் பகுதி சொல்கிறது: தரையும் சுவரும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, மருந்தை உள்ளே இறக்கி, மறுபடி அடைக்க வேண்டும். சுவர் மேல் தெளித்துவிட்டுப் போகும் ஆளுக்குக் கொடுக்கும் பணம் வீண். கரையானைத் தடுக்க இதைவிட மலிவான வழி, மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டைச் சுற்றி நடந்து சுவரின் அடியைப் பார்ப்பது.

காட்டு உயிர்களைப் பற்றிச் சமவெளிக்காரர்கள் குறைவாகவே நினைக்கிறார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போவது புதுச் செய்தி இல்லை. எண்ணெய், சர்க்கரை, மாவு எதுவும் சமையலறையில் மிச்சம் வைக்காமல் கிளம்புவதே வழி. காட்டுமாடு வேலியைச் சாய்க்கும், பன்றி தோட்டத்தை உழும், மரநாய் கூரைக்கடியில் குட்டி போடும், எலி வயரைக் கடிக்கும். செடிகளில் மோசமானது அரசும் ஆலும். பறவை எச்சத்தில் வந்த விதை கைப்பிடிச் சுவரின் விரிசலில் முளைத்து, இரண்டு மழைக்காலத்தில் செங்கல்லைப் பிளக்கும் வேராகிவிடும். மேலே வெட்டினால் அடியில் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். அப்பர் கையில் உழவாரப்படையோடு நிற்பதைக் கோயில்தோறும் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரியாததில்லை. கோயிலுக்குச் செய்வதை வீட்டுக்குச் செய்வதில்லை, அவ்வளவுதான்.

கடற்கரை வீட்டின் நோய் உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கம்பிக் கதவு துருப்பிடிப்பதும், ஏசியின் செம்புக் குழாய் அரிப்பதும் கண்ணுக்குத் தெரியும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து மேல்பூச்சைத் தள்ளும்வரை தெரியாது. ஒவ்வொரு கோடைக்கு முன்பும் பெயின்ட் அடிப்பதைவிட விரிசலைத் திறந்து பார்ப்பது மேல். இங்கே புயல் மாதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா கரையேறியபோது மாடியில் கட்டாமல் கிடந்த தகரமும் நாற்காலியும் பக்கத்து வீட்டுக் கண்ணாடியில் போய் முடிந்தன.

இனி திருடன். தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்குச் சொல்வது விளக்கில்லாத சன்னல் மட்டும் இல்லை; விடிந்தும் கோலம் விழாத வாசல். வெளியே தொங்கும் பெரிய பூட்டு அதையே இன்னும் உரக்கச் சொல்கிறது. கதவோடு பதிந்த உட்பூட்டு நல்லது. தெருவில் ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்துத் தினமும் வாசல் தெளிக்கச் சொல்லும் சில குடும்பங்களின் பழக்கம், பல ஆயிரம் ரூபாய்ச் சாதனங்களுக்குக் குறைந்ததில்லை. திருடர்கள் எடுப்பதும் மாறிவிட்டது. விடுமுறை வீட்டில் நகை இருக்காது என்று அவர்களுக்கும் தெரியும். மோட்டார், செம்புக் கம்பி, பித்தளைக் குழாய், இன்வெர்ட்டர் பேட்டரி என்று எடைக்குப் போவதைக் கழற்றுகிறார்கள்.

கேமராவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் நடைமுறை தெரிய வேண்டும். இரவில் அகச்சிவப்பு விளக்கின் வெதுவெதுப்புக்குச் சிலந்தி வந்து லென்சின் முன் வலை கட்டும். வலை ஆடும்போதெல்லாம் சென்னையில் இருப்பவர் ஃபோன் அலறும். ஒரு வாரத்தில் அவர் எச்சரிக்கையை அணைத்துவிடுவார். பதிவுப்பெட்டி வீட்டுக்குள்ளேயே இருந்தால் திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிப் போவான். பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும் ஏற்பாடு இங்கே உண்டு. கேரளக் காவல்துறை தன் செயலியிலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆந்திரக் காவல்துறை பூட்டிய வீட்டில் தானே கேமரா பொருத்தும் திட்டம் நடத்தியது. எல்லாம் திருமணத்துக்கோ தலயாத்திரைக்கோ போகிறவருக்கானவை. பத்து மாதத்துக்கு எந்த ரோந்தும் வராது. ஆள் காவலும் அறுதியான பதில் இல்லை. ஜெயலலிதா மறைந்த சில மாதங்களில், 2017 ஏப்ரலில், அவருடைய கோடநாடு எஸ்டேட் பங்களாவுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. காவலாளி ஒருவர் கொல்லப்பட்டார். மாநிலமே அறிந்த வீடு, மதில், கேட், காவலாளிகள் எல்லாம் இருந்தும்.

காப்பீடு இருக்கிறதே என்பவர்கள் பாலிசியைக் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு தீ விபத்துப் பாலிசியில், கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், நிறுவனத்தின் முன் அனுமதி பெறாவிட்டால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை உண்டு. விடுமுறை வீட்டின் இயல்பே அந்த நிபந்தனைக்கு மாறானது. 2021 ஏப்ரலில் வீடுகளுக்கென வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் திருட்டு என்ற சொல் இருக்கிறது. ஆனால் தீயோ வெள்ளமோ போன்ற விபத்தை ஒட்டி ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு அது. பூட்டை உடைத்துப் புகும் களவுக்குத் தனியாக எடுக்க வேண்டும். ஈரம், கரையான், மெல்ல மெல்ல நடக்கும் சிதைவு எதற்கும் எந்தப் பாலிசியும் பணம் தராது. பூட்டிய வீட்டின் உண்மையான இழப்பு முழுவதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

இவ்வளவும் சுற்றி வந்து நிற்கும் இடம் ஒன்றே: வீட்டுக்கு வேண்டியது பார்க்கிற கண்ணும் உடனே செயல்படும் கையும். அது ஒரு மனிதர். அந்த மனிதரைத்தான் நாம் மிக மோசமாக நடத்துகிறோம். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் வாட்ச்மேன் என்ற பெயரில் ஒரு குடும்பமே வேலை செய்கிறது: கணவர் தோட்டம், காவல், மனைவி பெருக்கித் துடைப்பது, முதலாளி வந்தால் சமையலும். சம்பளம் ஒருவருக்கு. அவுட்ஹவுஸ் ஒழுகும், பங்களாவுக்குப் புதுத் தகரம் வரும். இத்தனைக்கும் நடுவில் ஓடு நகர்ந்ததைச் சொன்னால் செலவு வைக்கிறான் என்ற பேச்சு. பிறகு அவர் ஏன் சொல்லப் போகிறார்? மாதம் இவ்வளவு வரை கேட்காமலே செலவழிக்கலாம் என்று ஒரு சிறு தொகையை அவர் கையில் விட்டு, வாரம் ஒருமுறை நான்கு மூலையையும் ஃபோனில் படமெடுத்து அனுப்பச் சொல்லும் உரிமையாளரின் வீடுதான் நன்றாக இருக்கிறது. அனுப்பிய படத்தை அவர் பார்ப்பதும் முக்கியம்.

இந்த உறவைக் கெடுப்பது ஒரு பயம். பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடு அவனுக்கே போய்விடும் என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 65-ஆம் உறுப்பில் 12 ஆண்டு என்று சொல்வது உண்மைதான். ஆனால் அது உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தன்னுடையது என்று அனுபவிப்பவருக்கு. அனுமதியோடு தங்கியிருப்பவருக்கு அந்தக் கடிகாரம் ஓடுவதே இல்லை. மரியா மார்கரிடா வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கோவாவில் ஒரு பெண் தன் வீட்டைச் சகோதரர் பொறுப்பில் விட்டிருந்தார். சகோதரர் அதைத் தன்னுடையது என்றார். காவல்காரர், பராமரிப்பவர், வேலையாள் எத்தனை ஆண்டு தங்கினாலும் சொத்தில் உரிமை பெற முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் அந்தத் தீர்ப்பு வரப் பல்லாண்டுகள் ஆயின என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே எழுத்தில் ஓர் ஒப்பந்தம், வங்கி வழியாகச் சம்பளம், இரண்டும் போதும். பயத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறவர்கள், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே மனிதரை வெளியே அனுப்புகிறார்கள்.

உண்மையான ஆபத்து கேட்டுக்கு வெளியே, காகிதத்தில் இருக்கிறது. நெடுநாள் யாரும் வராத மனையைப் போலி ஆவணத்தால் விற்கும் கூட்டம் பெருகியதால்தான் தமிழ்நாட்டில் 2011-இல் நில அபகரிப்புத் தடுப்புத் தனிப்பிரிவுகளே வந்தன. ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது, பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் நிற்காமல் பார்த்துக்கொள்வது, வீட்டு வரியும் மின்கட்டணமும் தவறாமல் தன் பெயரில் கட்டுவது, இவை கூரையைப் பார்ப்பது போன்ற பராமரிப்பே. வருமான வரியில் ஒரு நிம்மதி வந்திருக்கிறது: 2019-20 நிதியாண்டிலிருந்து இரண்டு வீடுகளைத் தன் குடியிருப்பு என்று காட்டலாம், அதற்கு முன் பூட்டிய இரண்டாம் வீட்டுக்கும் வராத வாடகையை வந்ததாக வைத்து வரி போட்டார்கள். மூன்றாம் வீட்டுக்கு அந்தப் பழைய கணக்கு இன்னும் உண்டு.

வாடகைக்கு விட்டால் எல்லாம் தீருமே என்று ஒரு வாதம். தங்கும் விருந்தினர் கதவைத் திறக்கிறார், குழாயை ஓடவிடுகிறார், ஒழுக்கைப் புகார் செய்கிறார். அந்த அளவில் நல்லது. ஆனால் அது வேறு தொழில். பதிவு வேண்டும், வரியும் மின்கட்டணமும் வணிக விகிதத்துக்கு மாறும், உரிமமில்லாத விடுதிகளுக்கு மலை நகரங்களில் சீல் வைக்கிறார்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும் என்று ஆனதிலிருந்து திடீர் விருந்தினர் கணக்கும் முன்போல் இல்லை. செட்டிநாட்டில் இந்த வழி சில வீடுகளைக் காப்பாற்றியது. காரைக்குடியில் ‘பங்களா’ என்ற வீடு, கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் எல்லாம் விடுதிகளாகி ஓடும் சுவரும் பிழைத்தன.

மற்ற வளவுகளின் நிலை வேறு. முற்றத்தைச் சுற்றி மகன் ஒருவருக்கு இரட்டை அறை என்று கட்டிய வீட்டில் இன்று அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு பங்காளி. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் டல்லஸில். ஒழுகுவது ஓர் அறையில், சாவி வேறொரு நாட்டில். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாடு ஏறியது. அந்தப் பட்டியல் யாருக்கும் ஓடு மேயப் பணம் தருவதில்லை. பங்காளிகள் சேர்ந்து பொது நிதி வைத்து, வருவது யாராக இருந்தாலும் திறக்கும் ஒரு பொதுச் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்த வீடுகள் நிற்கின்றன. சேராத வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலை கேட்கலாம். பங்காளி ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், பிரிக்க முடியாத வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிட 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. ஒருவர் தன் பங்கை அந்நியருக்கு விற்றிருந்து, அந்த அந்நியர் பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போட்டால், அந்தப் பங்கைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிக்கொள்ள மற்றப் பங்காளிகளுக்கு அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு உரிமை வைத்திருக்கிறது. சென்னையிலும் கோலாலம்பூரிலும் டல்லஸிலும் இருப்பவர்கள் அந்த விலையை யார் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.